வீட்டில் பீர் காய்ச்ச மால்ட்டை மூட்டையாக வாங்கி வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பீர் காய்ச்சப் பழகியவர்களுக்குச் சீக்கிரமே மூட்டைக் கணக்கில் மால்ட் வாங்கும் ஆசை வந்துவிடும். கிலோ கிலோவாக வாங்குவதைவிட மலிவு. நினைத்த அன்றைக்கே அடுப்பைப் பற்றவைக்கலாம். ஆனால் ஹாப்ஸ், ஈஸ்ட் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாம், பீரின் உடம்பே ஆன தானியத்தை ஏதோ ஒரு மூலையில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. இங்கே மால்ட் என்பது முளைகட்டிச் சூளையில் உலர்த்திய பார்லி, கோதுமை போன்ற தானியம்.

ஒரு நேரத்தில் எவ்வளவு வாங்கலாம்?

பேல், பில்ஸ்னர் போன்ற அடிப்படை மால்ட் (பீரில் பெரும்பங்காகச் சேரும் வெளிர் மால்ட்) பெரும்பாலும் 25 கிலோ மூட்டையாக வரும். சுமார் 5 சதவீத ஆல்கஹால் உள்ள 20 லிட்டர் பீருக்கு 4 முதல் 5 கிலோ செலவாகும். ஆக, ஒரு மூட்டையை வைத்து ஐந்தாறு தடவை காய்ச்சலாம். மாதம் ஒருமுறை காய்ச்சுபவருக்கு அரை ஆண்டு ஓடும்.

எட்டு மாதத்துக்குள் தீர்ந்துவிடும் என்றால் தயங்காமல் மூட்டையாக வாங்குங்கள். தீராது என்றால், காய்ச்சுகிற நண்பர் ஒருவரோடு பாதிப் பாதி பங்கிட்டுக்கொள்வது நல்லது. மலிவாகக் கிடைத்தது என்று மூன்று மூட்டை இறக்கி, மூன்றாவதைப் பிரிக்கும்போது அதில் மணமே இல்லையென்றால் அந்த மலிவால் என்ன பயன்?

மால்ட் எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

உடைக்காத முழு மால்ட், உலர்ந்த குளிர்ந்த இடத்தில், காற்றுப்புகாமல் மூடியிருந்தால் ஓராண்டு தாராளமாக நன்றாக இருக்கும். நன்றாகப் பராமரித்தால் ஒன்றரை ஆண்டும் போகும். உடைத்த மால்ட்டின் கதை வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

ஓராண்டு என்பது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, மால்ட் தயாரான நாளிலிருந்து. மூட்டையின் தையல் ஓரத்திலோ ஒட்டிய சீட்டிலோ தேதியும் தொகுதி எண்ணும் இருக்கும். வாங்கும்போதே பாருங்கள்.

அரிசி, கோதுமை வைப்பது போல இதையும் வைத்தால் போதாதா?

போதாது. சேமித்து வைக்கும் சாதாரணத் தானியத்தில் 12, 13 சதவீதம் ஈரம் இருக்கும். அடிப்படை மால்ட்டைச் சூளையில் 4 அல்லது 5 சதவீதத்துக்கு உலர்த்திவிடுகிறார்கள். கருக வறுத்த மால்ட்டில் ஈரம் இன்னும் குறைவு. அவ்வளவு வறண்டிருப்பதால் அது சுற்றிலும் உள்ள காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பாக்கெட்டைத் திறந்து போட்ட பிஸ்கட் மாதிரி நமத்துப்போகும்.

நமத்தால் என்ன நடக்கும்? முதலில் எடையிலேயே ஏமாறுகிறோம். 4 சதவீத ஈரமுள்ள 5 கிலோ மால்ட்டில் 4.8 கிலோ உலர்ந்த பொருள் இருக்கிறது. அதுவே 9 சதவீதம் ஆகிவிட்டால் 4.55 கிலோதான். தராசு அதே 5 கிலோவைக் காட்டும், ஆனால் கால் கிலோ தண்ணீரை மால்ட் என்று நினைத்து அளந்திருக்கிறோம். வோர்ட்டின் (மால்ட்டிலிருந்து வடித்த இனிப்பு நீர்) அடர்த்தி கணக்குக்குக் கீழே நிற்கும்போது பலரும் மேஷ் (உடைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பது) வெப்பநிலையைச் சந்தேகிப்பார்கள், மால்ட்டை உடைக்கும் மில்லின் இடைவெளியைச் சந்தேகிப்பார்கள். மால்ட்டை யாரும் சந்தேகிப்பதில்லை.

அடுத்தது, நமத்த பருப்பு (மால்ட் மணி) மில்லில் நொறுங்காமல் நசுங்கும். உள்ளே இருக்கும் மாவுப்பொருள் சரியாக உடையாவிட்டால் மேஷில் தண்ணீர் அதைச் சரியாகச் சேராது. அப்புறம் மணம் மங்கும், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளின் வலிமை குறையும், ஈரம் இன்னும் ஏறினால் பூச்சியும் பூசணமும் வரும். இப்படி எல்லாக் கேடும் ஈரத்தில்தான் தொடங்குகிறது. அதனால்தான் கீழே உள்ள பதில்கள் பலவும் ஈரத்தைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசுகின்றன.

நமத்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடித்துப் பாருங்கள். நல்ல மால்ட் பல்லுக்கிடையில் ‘மொறுக்’ என்று உடைந்து, உடனே மாவாகி, இனிப்பாகக் கரையும். நமத்தது முதலில் சற்று வளையும், பிறகு பிய்யும், உமி தோல் போலப் பல்லில் சிக்கும். மூட்டை பிரித்த அன்றே நாலு பருப்பை மென்று அந்தச் சத்தத்தையும் சுவையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அதோடு ஒப்பிடலாம்.

எண்ணாகவே தெரிய வேண்டுமென்றால், 0.1 கிராம் வரை காட்டும் தராசும் ஓவனும் போதும். 50 கிராம் மால்ட்டைப் பொடியாக்கி, அகலமான தட்டில் பரப்பி, சுமார் 105 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம் வையுங்கள். மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டு நிறுங்கள். குறைந்த எடைதான் ஈரம். 2.5 கிராம் குறைந்தால் 5 சதவீதம், கவலை இல்லை. 4 கிராம் குறைந்தால் 8 சதவீதம், வைக்கும் முறையில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

நமத்ததை மறுபடியும் உலர்த்தலாமா?

பூசணமோ கெட்ட வாடையோ இல்லையென்றால் உலர்த்தலாம். ஓவனில் மெல்லிய படலமாகப் பரப்பி, கதவைச் சற்றே திறந்து, 45 முதல் 50 டிகிரியில் சில மணி நேரம் வையுங்கள். அவசரப்பட்டு வெப்பத்தைக் கூட்டாதீர்கள். மால்ட் உற்பத்தியில் வெளிர் மால்ட்டையே கடைசியில் 80 டிகிரிக்கு மேல் கொண்டுபோகிறார்கள்தான். ஆனால் அதற்குள் அது நன்கு வறண்டிருக்கும். வறண்ட நிலையில் நொதிகள் வெப்பத்தைத் தாங்கும். ஈரம் இருக்கும்போது அதே வெப்பம் அவற்றை அழித்துவிடும்.

மொறுமொறுப்பு திரும்ப வரும். போன மணம் வராது. அப்படி உலர்த்தியதை மறுபடி சேமிக்க நினைக்காமல் அடுத்த தடவையே காய்ச்சிவிடுங்கள்.

எதில் கொட்டி வைப்பது?

உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் வாளி, ரப்பர் வளையம் உள்ள மூடியோடு. இதுதான் என் முதல் தேர்வு. 20 லிட்டர் வாளியில் ஏறத்தாழ 11 கிலோ மால்ட் பிடிக்கும். ஒரு மூட்டைக்கு இரண்டு வாளியும் மூன்றாவதாகச் சின்னது ஒன்றும் தேவைப்படும். முழு மூட்டையையும் ஒரே டிரம்மில் வைக்க விரும்பினால் 50 லிட்டர் கொள்ளளவு இருக்கட்டும்.

ஒரே பெரிய டிரம்மைவிடச் சின்ன வாளிகள் பலவாக இருப்பது எவ்வளவோ மேல். டிரம்மைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மொத்த மால்ட்டும் புதுக்காற்றைச் சந்திக்கிறது. வாளிகள் என்றால் ஒன்று மட்டும் திறந்து மூடப்படும், மற்றவை முத்திரை பிரியாமல் இருக்கும். ஒன்றில் பூச்சி வந்தாலும் அதோடு நிற்கும்.

மூடியைத்தான் பார்த்து வாங்க வேண்டும். அழுத்தி மூடும் சாதாரண மூடி நாளடைவில் தளரும். திருகி மூடும் வகை நன்றாக அடைபடும், திறக்கவும் சிரமமில்லை. செல்லப்பிராணித் தீவனம் வைக்க விற்கும் காற்றுப்புகாத டப்பாக்களும் இதற்கு அருமையாகப் பொருந்தும். பெயின்ட், சோப்பு, ஊறுகாய் இருந்த வாளிகளைத் தொடாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய வாடை போகாது, மால்ட் அதை வாங்கிக்கொள்ளும்.

வந்த மூட்டையிலேயே விட்டுவிடலாமே?

பிரிக்காத வரை விடலாம். நல்ல மூட்டைகளில் உள்ளே பாலித்தீன் உறை இருக்கும். ஒருமுறை பிரித்துவிட்டால் வாயைச் சுருட்டிக் கிளிப் போடுவது சில வாரங்களுக்குத்தான். பிரித்த அன்றே வாளிக்கு மாற்றுவதே வழி.

வீட்டில் எந்த இடம் நல்லது?

வெயில் படாத, அடுப்பிலிருந்தும் குளியலறையிலிருந்தும் தள்ளி இருக்கும் அறை. 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் மிகவும் நல்லது. அது முடியாவிட்டாலும் வெப்பம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்கட்டும். பகலில் சூடேறி இரவில் குளிரும் மொட்டைமாடி அறையோ கார் ஷெட்டோ, சராசரி வெப்பம் குறைவாக இருந்தாலும் மால்ட்டுக்கு ஒத்துவராது.

வாளியை வெறும் தரையில் வைக்க வேண்டாம். மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். காற்று சுற்றி வரும், பின்பக்கம் என்ன நடக்கிறது என்றும் தெரியும்.

பிரிட்ஜிலோ ஃப்ரீசரிலோ வைக்கலாமா?

மால்ட்டுக்குக் குளிர் எந்தக் கெடுதலும் செய்யாது, ஆயுள் கூடும். ஆபத்து வெளியே எடுக்கும்போதுதான். குளிர்ந்த டப்பாவை உடனே திறந்தால் அறைக்காற்றின் ஈரம் பருப்பின் மேல் நீராகப் படியும். எடுத்த பிறகு மூடியபடியே ஒரு நாள் வெளியில் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் திறவுங்கள்.

உடைத்து வாங்கினால் வேலை மிச்சமாகுமே?

அந்த வாரமே காய்ச்சப் போகிறீர்கள் என்றால் உடைத்தே வாங்குங்கள். சேமிக்க என்றால் வேண்டவே வேண்டாம்.

உமி மூடிய முழுப் பருப்பு தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. உடைத்ததும் காற்று படும் பரப்பு பல மடங்காகிறது. கருவில் இருக்கும் கொழுப்பு ஆக்சிஜனோடு சேர ஆரம்பிக்கிறது. லிப்பாக்சிஜினேஸ் என்கிற நொதி அந்த வேலையை வேகப்படுத்தும். நாள்பட்ட பீரில் வரும் அட்டைப்பெட்டிச் சுவைக்கு முக்கியக் காரணமான டிரான்ஸ்-2-நானீனல் உருவாகும் பாதை இங்கேதான் தொடங்குகிறது. காற்றுப்புகாமல் மூடிக் குளிர்ச்சியாக வைத்தால் உடைத்த மால்ட் இரண்டு மூன்று மாதம் காய்ச்சும் நிலையில் இருக்கும். ஆனால் வெளிர் நிற பீர்களில் இரண்டு மூன்று வாரத்திலேயே வித்தியாசம் தெரியும் என்பது என் அனுபவம்.

மூட்டையாக வாங்கத் தீர்மானித்தால் கூடவே ஒரு மில்லும் வாங்கிவிடுங்கள். இந்த வேலையில் செலவழிக்கும் பணத்தில் அதற்கு நிகராகப் பலன் தருவது வேறு எதுவும் இல்லை.

ஆக்சிஜன் உறிஞ்சும் பாக்கெட், சிலிக்கா ஜெல், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் தேவையா?

ஆறு மாதத்தில் தீர்க்கப்போகிறவருக்கு நல்ல மூடி போதும்.

நீண்ட நாள் வைக்க வேண்டுமென்றால் ஆக்சிஜன் உறிஞ்சிகள் உதவும். 20 லிட்டர் வாளி நிறைய மால்ட் இருந்தாலும் பருப்புகளுக்கிடையிலும் மேலேயும் கணிசமான காற்று இருக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். ஒரு வாளிக்கு 2000 சிசி அளவு உறிஞ்சி கணக்காக இருக்கும். மால்ட்டையும் உறிஞ்சியையும் அலுமினியப் படலம் பூசிய பைக்குள் போட்டு வெப்பத்தால் ஒட்டினால்தான் முழுப் பலன். சாதாரணப் பிளாஸ்டிக் வழியாக ஆக்சிஜன் மெல்ல உள்ளே வந்துகொண்டேயிருக்கும். உறிஞ்சியையும் சிலிக்கா ஜெல்லையும் அருகருகே போடாதீர்கள். இரும்புத்தூள் உறிஞ்சி வேலை செய்யக் கொஞ்சம் ஈரம் வேண்டும், ஜெல் அதைப் பறித்துக்கொள்ளும்.

கெக்குக்கு (பீர் நிரப்பும் உலோகப் பீப்பாய்) பயன்படுத்தும் சிலிண்டர் வீட்டில் இருந்தால், வாளியின் அடியில் குழாயை விட்டு மெதுவாகக் கார்பன் டை ஆக்சைடு செலுத்தி மூடலாம். காற்றைவிடக் கனமானது என்பதால் கீழிருந்து நிரம்பி வரும். உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) போடுபவர்கள் அது முழுவதும் ஆவியாகும் வரை மூடியை இறுக்கக் கூடாது. அழுத்தம் ஏறி வாளி வெடிக்கும். காற்றோட்டமில்லாத சின்ன அறையில் இதைச் செய்யவும் கூடாது.

பூச்சி வந்துவிட்டது. எல்லாம் போச்சா?

எந்தப் பூச்சி, எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

மூக்கு நீண்ட சின்னக் கருப்பு வண்டு என்றால் அது அரிசி வண்டு. பெண் வண்டு பருப்பில் துளையிட்டு, உள்ளே முட்டை வைத்து, துளையை அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாக வெளியே வரும்போதுதான் நமக்குத் தெரியும். கதகதப்பான இடத்தில் இதற்கு ஒரு மாதம், ஐந்து வாரம் போதும். ஒரு ஆறுதல்: 9 சதவீதத்துக்குக் கீழே ஈரமுள்ள தானியத்தில் அது பெருகத் திணறும். அரிசி வண்டு செழிப்பாக இருக்கிறதென்றால் மால்ட் ஏற்கனவே நமத்துவிட்டது என்று பொருள்.

செம்பழுப்பு நிறத்தில் தட்டையாக ஓடுவது மாவு வண்டு. முழுப் பருப்பைத் துளைக்க அதனால் முடியாது. உடைந்த துண்டும் தூசியும்தான் அதன் உணவு. மூட்டையைக் கொட்டும்போது ஒருமுறை சலித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அந்துப்பூச்சியின் அடையாளம் நூலாம்படை. வாளியின் மூடியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ரப்பர் வளையத்தின் மடிப்பில் வெள்ளை நூல் இழைகளும் கூட்டுப்புழுவும் ஒட்டியிருக்கும். மேல் அடுக்கில் பருப்புகள் கொத்துக்கொத்தாக நூலில் தொங்கும்.

ஒன்றிரண்டு வண்டுதான் என்றால், மால்ட்டைச் சிறு பைகளாகப் பிரித்து, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். நடுப்பகுதி வரை அந்தக் குளிர் எட்டி நாலு நாள் நின்றால் முட்டையும் புழுவும் சேர்ந்தே சாகும்; பெரிய பைக்கு இரண்டு வாரம். அப்புறம் சலித்து, சீக்கிரம் காய்ச்சிவிடலாம். உள்ளீடு தின்னப்பட்டதால் விளைச்சல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நூலாம்படை பரவி, வாடையும் அடித்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். வாளியைச் சுடுநீரில் கழுவி, மூடியின் மடிப்பைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் ஒரு துளியும் இல்லாமல் காயவைத்த பிறகே மறுபடி நிரப்ப வேண்டும்.

வராமல் தடுக்க என்ன செய்யலாம் என்பவர்களுக்கு: புது மூட்டையை வந்ததும் சிறு பைகளாக ஃப்ரீசரில் வைத்து எடுப்பது உறுதியான வழி. 15 டிகிரிக்குக் கீழே வைக்க முடிந்தால் பெரும்பாலான பூச்சிகள் இனப்பெருக்கத்தையே நிறுத்திவிடும்.

பூச்சிக்கு மாத்திரை போடலாமா?

கூடவே கூடாது. தானியக் கிடங்குகளில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை வெளியிடும். குடும்பம் தூங்கும் வீட்டுக்குள் அது உயிரைப் பறிக்கும். நாப்தலீன் உருண்டையும் வேண்டாம்.

எலித் தொல்லை இருக்கிறது. பிளாஸ்டிக் வாளி தாங்குமா?

தாங்காது. ஓர் இரவில் ஓட்டை போட்டுவிடும். எலி வரும் வீடு என்றால் வாளிகளை மூடியுள்ள தகர டிரம்முக்குள் வையுங்கள். பென்சில் நுழையும் துளை போதும், சுண்டெலி உள்ளே வந்துவிடும். எச்சமோ சிறுநீர் வாடையோ தென்பட்டால், ‘கொதிக்க வைக்கத்தானே போகிறோம்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் அந்த வாளியை மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

லேசாகப் பூசணம் பிடித்திருக்கிறது. கொதித்தால் செத்துவிடாதா?

பூஞ்சை சாகும், அது விட்டுச்சென்ற நஞ்சு சாகாது. வயலிலேயே தொற்றும் ஃபுசேரியம், சேமிப்பில் வரும் ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் எல்லாமே நஞ்சு உண்டாக்கக் கூடியவை. அந்த நஞ்சுகளில் பல கொதிநிலையைத் தாங்கி பீர் வரை வந்துசேரும். ஃபுசேரியம் தாக்கிய மால்ட்டில் செய்த பீர், பாட்டிலைத் திறந்ததும் நுரையாகப் பொங்கி வழிவதும் உண்டு. சாம்பல், பச்சை, இளஞ்சிவப்பு என்று எந்த நிறத்தில் படிந்திருந்தாலும், மண் வாடை அடித்தாலும் அந்த வாளி முழுவதும் குப்பைக்குத்தான். ஓரமாகப் பிடித்ததை மட்டும் எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்துவது சரியல்ல. கண்ணுக்குத் தெரியாமல் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று நம்மால் சொல்ல முடியாது. கால்நடைக்கும் போடாதீர்கள்.

கிரிஸ்டல், வறுத்த மால்ட், ஓட்ஸ் இவற்றையும் மொத்தமாக வாங்கலாமா?

வேண்டாம். ஒரு தடவைக்குக் கால் கிலோ, அரை கிலோதான் செலவாகும். மூட்டை தீர ஆண்டுக்கணக்கில் ஆகும். வறுத்த மால்ட் கெடாது, ஆனால் காபி போன்ற அந்த மணம் மெல்ல வடிந்துவிடும். கிரிஸ்டல் மால்ட் நமத்தால் மிட்டாய் போல ஒட்டும். தட்டையாக்கிய ஓட்ஸில் கொழுப்பு அதிகம் என்பதால் எல்லாவற்றுக்கும் முன்பே காறிப்போகும். இவற்றை ஒன்றிரண்டு கிலோவாக வாங்கிக் கண்ணாடி ஜாடியில் வையுங்கள்.

மில்லையும் மால்ட்டையும் ஒரே இடத்தில் வைக்கலாமா?

மில்லின் உருளைகளுக்கிடையில் தங்கும் மாவுதான் வண்டுக்கு முதல் வீடு. ஒவ்வொரு முறையும் காய்ந்த பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள், தண்ணீர் படக் கூடாது. இன்னொன்று, மால்ட் தூசி முழுக்க லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா. நொதிக்கும் பீர் இருக்கிற அறையில் உடைத்தால் புளிப்புக்கு நாமே வழி திறந்ததாகிவிடும். மூக்குக்கு முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் தீ வேண்டாம்.

வாளியில் என்ன எழுதி ஒட்டுவது?

மால்ட்டின் பெயர், தயாரித்தவர், தொகுதி எண், தயாரான தேதி, பிரித்த தேதி. வெளிர் மால்ட்களை உடைத்துக் கொட்டிவிட்டால் பில்ஸ்னரா பேலா என்று கண்ணால் சொல்ல முடியாது. பழையதின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். அடியில் கிடப்பது வருடக்கணக்கில் அடியிலேயே கிடக்கும்.

ஒன்றரை வருடப் பழைய மால்ட் கிடக்கிறது. காய்ச்சலாமா?

கடித்துப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். மொறுமொறுப்பும் இனிப்பும் இருந்து, காறல் வாடை இல்லையென்றால் காய்ச்சலாம். ஒரு கைப்பிடியை உடைத்து, 70 டிகிரி வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, வடிகட்டிக் குடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பழைய எண்ணெயின் சுவை அதில் மறையாது.

நொதிகள் சற்றுத் தளர்ந்திருக்கும். பேல் மால்ட்டில் அவை மிகுதியாக இருப்பதால் மேஷை 90 நிமிடத்துக்கு நீட்டினால் பெரும்பாலும் சமாளித்துவிடும். மியூனிக் போன்ற அடர்நிற மால்ட்டில் தொடக்கத்திலேயே நொதி குறைவு. அது பழசானால் மூன்றில் ஒரு பங்கு புதுப் பேல் மால்ட் கலந்துகொள்ளுங்கள். மேஷ் நீரை எடுத்து அயோடின் சொட்டு விட்டுப் பாருங்கள்; மாவுச்சத்து மீதமிருந்தால் நீலமாகும், நீலம் வராத வரை பொறுங்கள் என்றில்லை, நீலம் வருவது நிற்கும் வரை பொறுங்கள். எடையில் 5 சதவீதம் கூடுதலாகப் போட்டால் அடர்த்தி கணக்குக்கு வரும். இப்படிப்பட்ட மால்ட்டை ஸ்டவுட், போர்ட்டர் போன்ற கருத்த பீருக்கு ஒதுக்குவேன். பில்ஸ்னர் பீருக்குப் புது மூட்டைதான்.